கடனுக்குப் பயந்த வீடு

சம்பளம் ஒழுங்காக வருகிறது, கடன் அதிகமில்லை, ஆனால் கூரை ஒழுகுகிறது. இப்படி ஒரு வீடு இருந்தால் அந்தக் குடும்பத்தலைவரைச் சிக்கனக்காரர் என்பீர்களா? ஜெர்மனி பற்றிய செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வீடுதான் கண்ணில் நிற்கிறது.

ஐரோப்பாவின் மிகப் பெரிய பொருளாதாரம் 2023, 2024 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் சுருங்கியது. மலிவான ரஷ்ய எரிவாயு உக்ரேன் போரோடு போயிற்று. ஜெர்மன் கார்களை வாங்கிக் குவித்த சீனா இப்போது சொந்தமாக மின்சாரக் கார் செய்து விற்கிறது. ஜெர்மனியில் 2030க்குள் 35,000 வேலைகளைக் குறைக்க ஃபோக்ஸ்வாகன் தொழிற்சங்கத்தோடு உடன்பாடு கண்டுவிட்டது.

என்னை உறுத்துவது வேறொன்று. அரசாங்கம் அதிகம் கடன் வாங்கக்கூடாது என்று 2009இல் அரசியலமைப்புச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். ‘கடன் பிரேக்’ என்றே அதற்குப் பெயர். ஜெர்மன் மொழியில் கடனுக்கும் குற்றத்துக்கும் ஒரே சொல்தான், ‘ஷுல்ட்’. (நம் மொழியில் கடன் என்றால் கடமை என்றும் பொருள்!) பிரான்சின் கடன் அதன் பொருளாதாரத்தில் 110 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது, ஜெர்மனிக்கு 63 விழுக்காடு அளவில்தான். பெருமைதான். ஆனால் 2024 செப்டம்பரில், டிரெஸ்டன் நகரின் கரோலா பாலத்தில் ஒரு பகுதி அதிகாலையில் எல்பே ஆற்றில் சரிந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. அந்த ஆண்டு நெடுந்தூர ரயில்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் தாமதம். நாமோ இன்னும் ‘ஜெர்மன்காரன் நேரம் தவறமாட்டான்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

2025 மார்ச்சில் பிரேக்கைத் தளர்த்தினார்கள். சாலை, பாலம், ரயில் போன்றவற்றுக்கு 12 ஆண்டுகளில் 500 பில்லியன் யூரோ. சரியான முடிவு, பத்தாண்டு தாமதம் என்பேன். பணம் வந்தால் மட்டும் போதாதே! பாலம் கட்டப் பொறியாளர் வேண்டும், கம்பி கட்ட ஆள் வேண்டும். அங்கே ஒரு பெரிய தலைமுறையே ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கிறது.

கூலிமில் இன்ஃபினியோன், பினாங்கில் போஷ், பி. பிரவுன் என்று ஜெர்மன் சம்பளம் வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மின்சாரக் கார்களுக்கான சில்லுகள் கூலிமிலிருந்தும் போகின்றன. ஆகவே பெர்லின் பட்ஜெட் செய்தி வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். புதிய கடன் பாலத்துக்குப் போகிறதா, பழைய ஓட்டைகளை அடைக்கப் போகிறதா என்பதைத்தான் நான் முதலில் தேடுகிறேன்.