முதலில் மோட்டார், பிறகு குழி



வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் என்பது சினிமாக்காரர் வீட்டுச் சமாச்சாரம் என்று நினைத்திருந்த காலம் நம் குமரி மாவட்டத்தில் மலையேறிவிட்டது. மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் புதிதாக எழும்பும் வீடுகளின் பிளானைப் பாருங்கள். கார் ஷெட்டுக்கு அடுத்து ஒரு நீலக் கட்டம் இருக்கும். வளைகுடாவில் ஆயுளில் பாதியைக் கழித்துவிட்டு ஊர் திரும்புகிறவர், பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் நீந்திக் குளிக்கட்டும் என்று ஆசைப்படுகிறார். அதில் என்ன தப்பு?

ஊர்க் குளங்களில் பாதி ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. பழையாற்றில் தினமும் முங்கி எழுந்த தலைமுறையே இன்று தன் பிள்ளையை அங்கே அனுப்பத் தயங்குகிறது. அதனால் இது ஆடம்பரமா அவசியமா என்ற பட்டிமன்றத்துக்குள் நான் போகவில்லை. இடமும் காசும் உள்ளவர் கட்டட்டும்.

நான் சொல்ல வருவது, வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதைப் பற்றி.

நம் வீடுகளில் வேலை எப்படித் தொடங்குகிறது? நல்ல நாள் பார்த்து ஜேசிபி வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறார்கள். ஒரே நாளில் குழி ரெடி. மோட்டார், ஃபில்டர், வால்வு எல்லாம் எப்போது என்று கேட்டால் கான்ட்ராக்டர் சிரிக்கிறார். "குழிய மொதல்ல எடுத்துப் போட்டிருவோம் அண்ணாச்சி, மெஷினு பொறவு வரும்."

அந்த 'பொறவு' எத்தனை மாதம் என்று அவருக்கே தெரியாது. நீச்சல் குளத்துச் சாமான் எல்லா ஹார்டுவேர் கடையிலும் அடுக்கி வைத்திருக்கும் சரக்கு அல்ல. திருவனந்தபுரம், கொச்சி, கோயம்புத்தூர், சென்னை என்று எங்கிருந்தாவது வர வேண்டும். அங்கே இல்லையென்றால் கப்பலில் வர வேண்டும்.

கப்பல் என்றதும் 2021 ஞாபகம் வருகிறது. உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த நாட்களில் அமெரிக்காவில் கொல்லைக்குளம் கட்டும் ஆசை திடீரென்று பெருகியது. அதே சமயம் லூசியானாவில், 2020 ஆகஸ்டில் லாரா புயல் அடித்த நாளில் எரிந்துபோன ஒரு ரசாயன ஆலையால் குளோரின் மாத்திரைக்குத் தட்டுப்பாடு. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலமே பனியில் உறைய, அங்கிருந்த பம்புகளும் பைப்புகளும் வெடித்தன. பி.வி.சி.க்கான மூலப்பொருள் செய்யும் ஆலைகளும் நின்றன. மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் குறுக்கே மாட்டிக்கொண்டு ஆறு நாள் வழியை அடைத்தது. இதெல்லாம் பேப்பரில் படிக்கும் வெளிநாட்டுச் செய்தி என்றுதானே இருந்தோம்? அந்த வருஷம் இந்தியாவிலும் பி.வி.சி. விலை எகிறியது. டெக்சாஸ் பனிக்கும் நம் வீட்டு பைப்புக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

ஏப்ரலில் மருத்துவமனைகளுக்கு ஆக்சிஜன் போதவில்லை என்று தொழிற்சாலைகளுக்குக் கொடுப்பதைப் பெரும்பாலும் நிறுத்தினார்கள். நியாயமான முடிவு. ஆனால் வெல்டிங், கட்டிங் வேலை முடங்கியது. மே 10 முதல் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு. மே கடைசி வாரம் யாஸ் புயல் ஒடிசாவை நோக்கிப் போக, மழை இங்கே கொட்டித் தீர்த்தது. கடை கிடையாது, ஆள் கிடையாது, லாரி கிடையாது. வயல்களும் வாழைத் தோட்டங்களும் வெள்ளத்தில். கொல்லையில் திறந்த குழியோடு அந்த வாரத்தைக் கழித்தவர் பாட்டை யோசித்துப் பாருங்கள்.

அது கொரோனா காலத்துக் கூத்து, இனி வராது என்பீர்கள். அந்த அளவில் வராமல் போகலாம். ஆனால் தட்டுப்பாடு வர உலகமே நிற்க வேண்டியதில்லை. ஒரு வால்வு வராவிட்டால் போதும். 

திறந்த குழியும் காலித் தொட்டியும் சும்மா கிடந்தால் என்ன கெட்டுவிடும்? வெறும் மண்தானே, வெறும் கான்கிரீட்தானே?

இங்கேதான் நம் ஊரின் குணம் தெரிய வேண்டும். தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் இது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களில், வயலும் குளமும் சூழ்ந்த நாஞ்சில் நாட்டு ஊர்களில், மழைக்காலத்தில் நாலடி தோண்டினாலே ஊற்று வரும். தேரூர், சுசீந்திரம், புத்தேரிப் பக்கம் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. மேற்கே கல்குளம், விளவங்கோடு மேட்டு நிலத்தில் செம்மண்ணும் பாறையும் இருப்பதால் ஊற்றுத் தொல்லை குறைவு. அங்கே தொல்லை பாறை உடைப்பதில்.

ஊற்று ஏறிய மண்ணுக்குள் தண்ணீர் நிரப்பாத தொட்டி, வாளித் தண்ணீரில் வைத்த காலிச் சொம்பு மாதிரி. மிதக்கப் பார்க்கும். 20 அடி நீளம், 10 அடி அகலம், 5 அடி ஆழத்தில் ஒரு தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 அங்குல கான்கிரீட் என்றால் அதன் எடை சுமார் 17 டன் வரும். அடேயப்பா, இதை யார் அசைப்பது என்று தோன்றும். ஊற்று தரைமட்டத்துக்கு ஓரடி கீழே வரை ஏறினால், அது கீழிருந்து மேலே தள்ளும் பலம் 22 டன்னுக்கு மேல். தொட்டி அப்படியே எழும்பாவிட்டாலும் தரை விரியும், மூலையில் கீறல் விழும், பதித்த பைப் ஒடியும். இவ்வளவு எடைகூட இல்லாத ஃபைபர் தொட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதனால் தொட்டி கட்டியாகிவிட்டது, மெஷின் வரவில்லை என்றால் மழைக்கு முன் தண்ணீரை நிரப்பிவிடுங்கள். உள்ளிருக்கும் நீர்தான் தொட்டியைக் கீழே பிடித்து வைக்கும். சில கான்ட்ராக்டர்கள் தரையில் ஒரு சிறிய ரிலீஃப் வால்வு வைப்பார்கள். வெளியே அழுத்தம் கூடினால் அது திறந்து ஊற்று நீரை உள்ளே விடும். வயல் ஓரம் கட்டுகிறவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

காத்திருக்கிற அந்த நாட்களை வீணாக்கவும் வேண்டாம். கசிவு பார்க்க அதைவிட நல்ல சமயம் கிடையாது. தொட்டியின் படியில் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்து, வாளிக்குள்ளும் வெளியிலும் நீர் ஒரே மட்டத்தில் இருக்கும்படி நிரப்பி, இரண்டிலும் கோடு போடுங்கள். மறுநாள் அதே நேரம் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயிலும் காற்றும் குடித்த தண்ணீர். தொட்டியில் மட்டும் அதிகம் இறங்கியிருந்தால் கொத்தனாரைக் கூப்பிட வேண்டியதுதான். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் ஊர்களில் வாளி இல்லாமல் இந்தக் கணக்குப் போட்டால் கொத்தனாரோடு வீண் சண்டைதான் மிஞ்சும்.

ஆனால் நிரப்பி வைத்த தண்ணீர் இரண்டு வழியில் ஆபத்து. ஒன்று கொசு. டெங்கு பரப்பும் கொசு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் அளவுக்கு வளர்ந்துவிடும். கப்பி மீன் விடலாம், அல்லது குளோரின் போடலாம். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் மீன் செத்து மிதக்கும். இன்னொன்று, எழுதவே கை நடுங்குகிறது, குழந்தைகள். 2021-ல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அதில் ஏறக்குறைய கால்வாசி 5 வயதுக்குட்பட்டவர்கள். வேலை முடிந்த பிறகு வேலி போடலாம் என்று நினைக்கிறீர்களா? ஜேசிபி போன அன்றே நாலடி வேலியும், தானாக மூடிக்கொள்ளும் கதவும் வேண்டும். தட்டி மறைப்பாவது கட்டுங்கள்.

சரி, கிடைக்காத சாமானுக்கு மாற்று உண்டா? நம்மவர்களுக்கு இதில் கை தேர்ந்த பழக்கம். எதற்கும் ஒரு 'அட்ஜஸ்ட்மென்ட்' வைத்திருப்போம். சிலது சரி, சிலது விபரீதம்.

தோட்டத்து மோனோபிளாக் மோட்டாரை மாட்டி ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். நிரப்பவும் இறைக்கவும் தாராளமாக. தினமும் சுற்றோட்டத்துக்கு வேண்டாம். அதன் வார்ப்பிரும்பு உடம்பை குளோரின் தண்ணீர் அரிக்கும். இலையையும் முடியையும் பிடிக்கும் கூடை அதில் இல்லை. தொட்டியின் அடியில் ஒரே ஒரு உறிஞ்சு துளை வைத்து, பலமான மோட்டாரையும் மாட்டினால், அந்தத் துளையில் குழந்தையின் உடம்போ முடியோ ஒட்டிக்கொண்டால் பெரியவர்களாலும் இழுத்தெடுக்க முடியாது. அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி 2002-ல் இப்படித்தான் இறந்தாள். அந்தக் குழந்தையின் பெயரிலேயே 2007-ல் அங்கே சட்டம் வந்தது. அதனால் நம் குளத்திலும் அடியில் இரண்டு துளை, தள்ளித் தள்ளி, மேலே குவிந்த பாதுகாப்பு மூடி வேண்டும். இந்த மூடி கிடைக்கவில்லை, கழிவறை ஜாலி போட்டுக்கலாம் என்று பிளம்பர் சொன்னால் அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு வேலையை நிறுத்துங்கள்.

ஃபில்டர் மணலுக்கும் இதே பேச்சு. கடல் பக்கத்திலேயே இருக்க, மணலுக்கா பஞ்சம்? மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் இல்மனைட்டும் மோனசைட்டும் இருக்கிறது. அள்ளுவது சட்டப்படி குற்றம், குளிக்கும் தண்ணீரை அதன் வழியே விடுவது புத்திகெட்ட வேலை. எம்.சாண்டில் தூசி அதிகம், தண்ணீர் கலங்கலாகவே இருக்கும். சலித்துத் தரம் பிரித்த சிலிக்கா மணல் வரும்வரை காத்திருப்பதுதான் வழி.

குளோரின் மாத்திரைக்கு மட்டும் நல்ல மாற்று இருக்கிறது. கிணற்றுக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடர். 4 அடி ஆழத்துக்கு நிரப்பிய 20-க்கு 10 குளத்தில் சுமார் 22,600 லிட்டர் கொள்ளும். புதிய பவுடர் என்றால் 150 கிராம் அளவு போதும். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, மேல்தெளிவை மட்டும் வெயில் தாழ்ந்தபின் ஊற்ற வேண்டும். எந்த ஆசிட்டோடும் மாத்திரையோடும் கலக்கவே கூடாது. ஈரம்பட்டுக் கட்டிதட்டிய பவுடருக்கு வீரியம் போயிருக்கும், டெஸ்ட் கிட் வைத்துப் பார்த்துத்தான் குளிக்க வேண்டும்.

தட்டுப்பாட்டை உண்மையில் சமாளிக்கிற இடம் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள். அடியில் வரும் உறிஞ்சு துளை, சுவரில் வரும் நீர்வாய், மேல்மட்டக் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மர், விளக்குக் கூடு இவையெல்லாம் கான்கிரீட்டோடு சேர்த்துப் பதிக்க வேண்டியவை. இவை கையில் இல்லாமல் வேலை நடந்தால் என்ன செய்வார்கள்? பைப் முனையை நீட்டி விட்டுவிட்டு, பின்னால் உளி வைத்துக் கொத்தி மாட்டுவார்கள். அந்தக் கொத்தின வாய் கசியாத தொட்டி அபூர்வம். மோட்டாரும் ஃபில்டரும் தாமதமானாலும் போகட்டும். பதிக்கும் சாமான் எல்லாம் வீட்டு வராந்தாவில் வந்து இறங்கி, அதை நீங்கள் கண்ணால் பார்த்த பிறகே கம்பி கட்டச் சொல்லுங்கள்.

கூடவே உதிரிகளும் வாங்கி வையுங்கள். ஃபில்டரின் தலையில் ஒரு மல்டிபோர்ட் வால்வு இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே சக்கரத்தின் ஆரக்கால் போன்ற வடிவத்தில் கையகல ரப்பர் ஒன்று கிடக்கும். மெல்லிய சாமான். அது கிழிந்தால் தண்ணீர் கழிவுக் குழாய் வழியே ஓடிக்கொண்டே இருக்கும், குளத்தின் மட்டம் ஏன் இறங்குகிறது என்று நீங்கள் சுவரைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள். மோட்டார் காயில் எரிந்தால் நம்மூரிலேயே வைண்டிங் கட்டித் தருவார்கள். இந்த ரப்பரும் மோட்டாரின் மெக்கானிக்கல் சீலும் நம்மூரில் தேடினால் சட்டென்று கிடைக்காது. மெஷின் ரூமில் 30 மில்லி ஆம்பியர் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் உண்டா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். அது பேரம் பேசும் விஷயம் அல்ல.

மெஷினே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. எங்களில் பலர் நீந்தப் பழகியதே பம்ப்செட் தொட்டியில்தான். 8-க்கு 6, 3 அடி உயரத்தில், தரைக்கு மேலே ஒரு தொட்டி. கொள்ளளவு சுமார் 4,000 லிட்டர். காலையில் கிணற்றிலிருந்து நிரப்பி, பிள்ளைகள் குதித்து ஓய்ந்தபின் சாயங்காலம் தென்னைக்கும் வாழைக்கும் திறந்துவிடலாம். ஃபில்டர், குளோரின், மிதக்கும் பயம் எதுவும் கிடையாது. இன்ஸ்டாகிராமில் அழகாக இருக்காது, அவ்வளவுதான்.

இல்லை, நீலக் குளம்தான் வேண்டும் என்றால் நாள் குறிப்பதில் கொஞ்சம் விவசாயியாக இருங்கள். கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து, வழக்கமாக பிப்ரவரி கடைசியில் பேச்சிப்பாறை அணையிலிருந்து வரும் தண்ணீரை அடைத்ததும் ஊற்று இறங்கத் தொடங்கும். ஜூன் தொடக்கத்தில் கன்னிப்பூ சாகுபடிக்குத் திறப்பார்கள், மழையும் கூடவே வரும். இடையில் கிடைக்கும் மூன்று மாதம்தான் தோண்டவும் கட்டவும் ஏற்ற காலம். அப்படியென்றால் சாமானுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டியது கார்த்திகையில். அட்வான்ஸ் கொடுக்கும்போது பில்லில் ஒவ்வொரு சாமானின் பெயரும், அது வந்து சேரும் தேதியும் எழுதி வாங்குங்கள். தேதி போட வேண்டிய இடத்தில் 'விரைவில்' என்று எழுதித் தந்தால் பணத்தைத் திரும்பப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.