பித்தா, பகவான் அருளா?

கவிஞனுடைய பித்து கடவுள் தந்த கொடை என்று சுமார் 2,400 வருஷங்களுக்கு முன் கிரேக்க பிளேட்டோ எழுதிவைத்தார். அதை நம்பி, வெறியும் சோர்வும் மாறிமாறி வரும் மனநோயாளியிடம், "மருந்து தின்றால் கலை போய்விடும்" என்பது எவ்வளவு அக்கிரமம்!

1949இல் ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட், லித்தியத்தின் உப்பால் அவ்வெறியைத் தணித்துக் காட்டினார். உப்புக்கு அடங்குவது கடவுள் அருளாகுமா? அதை உட்கொண்ட 24 கலைஞர்களை டென்மார்க் டாக்டர் மோகென்ஸ் ஷௌ விசாரித்து, 1979இல் வெளியிட்டார்: 12 பேருக்கு வேலை பெருகிற்று, 6 பேருக்கு மாற்றமில்லை, 6 பேருக்கே குறைந்தது. குறைந்தவர் டாக்டரிடம் பேசட்டும். பூசாரியிடம் ஏன் ஓடவேண்டும்?

கலை மனிதன் உழைப்பு, நோய் நோய்தான். நோயாளி செத்தபின் எந்தக் கடவுள் வந்து பாட்டெழுதும்?