ஊற்றாதிருப்பதும் பராமரிப்பே



அண்மைக் காலமாக நம் வீட்டு முற்றங்களிலும் மொட்டைமாடிகளிலும் ரோஸ்மேரித் தொட்டிகளைக் காண்கிறோம். கூந்தலுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு வாங்கிவந்த செடிகளில் பல, சில வாரங்களில் கருகிப்போகின்றன. விருதுநகர் வெயிலை அது தாங்காது என்று சொல்லிவிடுகிறோம். பல வேளைகளில் அதைக் கொல்வது வெயில் அன்று. நாம் ஊற்றும் தண்ணீரே.

மத்தியதரைக் கடலோரத்துச் சரிவுகளே ரோஸ்மேரியின் தாயகம். அதன் இலைகள் ஊசிபோல் ஒடுங்கி, ஓரம் உட்புறமாகச் சுருண்டு, ஈரத்தைக் காத்துக்கொள்ளும்படி அமைந்திருக்கின்றன. நமது கரிசல் மண்ணோ நீரை இறுகப் பிடித்துக்கொள்வது. அதில் நட்டு நாள்தோறும் ஊற்றினால், காற்றின்றி வேர் அழுகுகிறது. வேர் அழுகிய செடி, தாகமுற்ற செடியைப் போலவே வாடும். அதைக் கண்டு மனமிரங்கி இன்னும் ஒரு குவளை ஊற்றுகிறோம்.

ஆகையால், அடியில் துளையுள்ள மண்தொட்டியில், மண்ணுக்குச் சரிபாதி பருமணல் கலந்து நடுங்கள். காலை வெயில் படட்டும். கோடையில் பிற்பகல் நிழல் கொடுங்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் நன்றாக ஊற்றி வடியவிடுங்கள். இளந்தளிர்களையே கொய்யுங்கள், இலையற்ற பழங்கட்டையில் வெட்டினால் பெரும்பாலும் அது மீண்டும் துளிர்ப்பதில்லை.

செடியைப் பற்றி இவ்வளவு எழுதக் காரணம் நம் பிள்ளைகள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பெற்ற மாவட்டம் நம்முடையது. பட்டாசிலும் தீப்பெட்டியிலும் வாழ்நாளைச் செலவிட்ட பெற்றோர், தம் பிள்ளைகளேனும் அந்த வேலைக்குப் போகாதிருக்கவேண்டும் என்று கொண்ட வைராக்கியத்துக்கு அதில் பங்குண்டு. அதை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆயினும், விடியுமுன் ஒரு டியூஷன், மாலையில் ஒன்று, ஞாயிறு ஆராதனை வேளையிலும் ஒரு தேர்வு என்று ஊற்றிக்கொண்டே இருக்கிறோம். பிள்ளை வாடினால், சோம்பல் என்று எண்ணி இன்னொரு வகுப்பில் சேர்க்கிறோம். எல்லா வாட்டமும் தாகத்தால் வருவதன்று என்பதே என் துணிபு.

லூக்கா 13-ஆம் அதிகாரத்து உவமையில், கனிகொடாத அத்திமரத்துக்காகப் பரிந்து பேசிய தோட்டக்காரன் ஓர் ஆண்டு அவகாசம் கேட்டான். எருவுக்கு முன்பாக அவன் சொன்ன வேலை, மரத்தைச் சுற்றிலும் கொத்துவது. கொத்துவது என்பது வேருக்குக் காற்று கொடுப்பதல்லவா?

இந்த வாரம் ஒரு மாலையேனும், மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்திருங்கள். அவன் சொல்வதைக் கேளுங்கள். அவள் மௌனத்தையும் கேளுங்கள். அதன்பின் ஊற்றுவதா, பொறுப்பதா என்று தீர்மானியுங்கள். அந்த விவேகத்தைக் கர்த்தர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.