கண்ணாடிக் கூரையும் நடுநிசி ஸ்டேஷனும்

அமெரிக்கா போய்த் திரும்புகிறவர்கள் எழுதும் பிரயாணக் கட்டுரைகளில் ஒரு ரயில் வண்டி தவறாமல் வந்துவிடுகிறது. சிகாகோவில் மத்தியானம் புறப்பட்டு, மூன்றாம் நாள் சாயங்காலம் ஸான்பிரான்ஸிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் உள்ள எமரிவில்லில் கொண்டுபோய்ச் சேர்க்கும் கலிபோர்னியா ஸெஃபிர் வண்டிதான் அது. 2,438 மைல், ஏறக்குறைய 52 மணி நேரம். கட்டுரையாளர் கண்ணாடிப் பெட்டியில் போய் உட்கார்ந்துகொள்கிறார். ராக்கி மலை வருகிறது, கொலராடோ நதி வருகிறது, பனி வருகிறது. வர்ணிக்க வார்த்தை மட்டும் வருவதில்லை. ஆகவே, ஆடம்பரம் என்றால் இதுவல்லவோ ஆடம்பரம் என்று பெருமூச்சு விட்டுக் கட்டுரையை முடித்துவிடுகிறார்.

மலையின் அழகை மறுக்க எனக்கென்ன பைத்தியமா? என் வழக்கெல்லாம் அந்தக் கடைசி வார்த்தையின் மேல்தான். அந்த வண்டியை ஆடம்பரம் என்று புகழ்கிறவர்கள், அதை நிறுத்த வேண்டும் என்று காத்திருக்கிறவர்கள் கையில் கத்தியைத் தீட்டிக் கொடுக்கிறார்கள். தெரிந்து கொடுக்கவில்லை, அதனால் பாவம் குறைவு. கத்தி என்னவோ கூர்மையாகத்தான் இருக்கிறது.

முதலில் அந்தக் கண்ணாடியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1944-ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஸைரஸ் ஆஸ்பர்ன் என்ற அதிகாரி, கொலராடோவில் கிளென்வுட் பள்ளத்தாக்கு வழியாக டீஸல் இஞ்சினில் உட்கார்ந்து போனார். டிரைவருக்குக் கிடைக்கிற இந்தக் காட்சி, காசு கொடுத்து வரும் பிரயாணிக்குக் கிடைக்கவில்லையே என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த வருஷமே பர்லிங்டன் ரயில்வேக்காரர்கள் ஒரு பெட்டியின் கூரையைப் பிளந்து கண்ணாடிக் கூண்டு ஒன்றை மேலே ஏற்றி வைத்தார்கள். 1949 மார்ச்சில் பர்லிங்டன், ரியோ கிராண்ட், வெஸ்டர்ன் பஸிபிக் என்ற மூன்று கம்பெனிகள் சேர்ந்து கலிபோர்னியா ஸெஃபிரை ஓட்ட ஆரம்பித்தபோது, ஒரு வண்டிக்கு இப்படி ஐந்து கண்ணாடிக் கூண்டுகள் இருந்தன. அவற்றில் மூன்று, படுக்கை வசதி இல்லாத சாதாரண உட்காரும் பெட்டிகளின் மேல் இருந்தன என்பதை நம் கட்டுரையாளர்கள் எழுதுவதில்லை. பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் மலை என்று அன்று யாரும் நினைக்கவில்லை. இன்றும் ஆம்ட்ராக் ஸ்தாபனம் ஓட்டும் வண்டியில், கண்ணாடிப் பெட்டி எல்லாருக்கும் பொது. இரண்டு இரவுகள் நாற்காலியிலேயே தூங்குகிறவரும், தனி அறை எடுத்துக்கொண்டவரும் அங்கே அக்கம்பக்கம் உட்காரலாம். இதைப் புகழுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

அட்டவணைக்கு வருகிறேன். மலையை வெளிச்சத்தில் காட்ட வேண்டுமென்றால் வண்டி டென்வரைக் காலையில் விட்டுப் புறப்பட்டாக வேண்டும். அப்படியானால் அதற்கு முந்தின இரவு முழுவதும் அது எங்கே இருக்கும்? நெப்ராஸ்காவில் இருக்கும். மேற்கே போகும் வண்டி ஒமாஹாவை இரவு பதினோரு மணி சுமாருக்குத் தொடுகிறது. லிங்கன் நகரம் நடுநிசிக்கு மேல். ஹேஸ்டிங்ஸ், ஹோல்ட்ரெஜ், மெக்குக் ஆகிய ஊர்களெல்லாம் ஒன்றரை மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில். சரி, கிழக்கே திரும்பும் வண்டியாவது பகலில் வருமா என்றால், அதுவும் டென்வரில் மாலை புறப்பட்டு, இருட்டோடு இருட்டாக அதே ஊர்களைத் தாண்டி, விடியற்காலையில் ஒமாஹாவில் மூச்சு விடுகிறது. போனாலும் இரவு, வந்தாலும் இரவு. அந்த ஊர்களில் ரயில் என்பது கோட்டான் மாதிரி; சத்தம் கேட்கும், உருவம் தெரியாது.

1949-இல் போட்ட கணக்கு இது. அன்று அதில் பெரிய குற்றம் இல்லை, அதே தண்டவாளத்தில் வேறு பிரயாணி வண்டிகளும் ஓடின. இன்று ஒமாஹாவுக்கும் டென்வருக்கும் நடுவே ஓடுவது இது ஒன்றுதான். மெக்குக்கில் ஒரு கிழவி டென்வரில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால், அவள் பின்னிரவில் எழுந்து குளிரில் நிற்க வேண்டும்; எதற்காகவென்றால், மறுநாள் பகலில் யாரோ ஒருவர் பனிமலையைப் படம் பிடிக்க வேண்டும் என்பதற்காக. அமெரிக்கக் கிராமங்களுக்கு மின்சார விளக்கு கொண்டுவந்த 1936-ஆம் வருஷச் சட்டத்துக்காகப் பாடுபட்ட ஸெனட்டர் ஜார்ஜ் நாரிஸ் இந்த மெக்குக் ஊர்க்காரர். ஊரெல்லாம் விளக்கேற்றிய மனிதரின் ஊருக்கு ரயில் மட்டும் இருட்டில் வருகிறது. நாவலில் எழுதினால், செயற்கையாக இருக்கிறது என்று வாசகர்கள் கடிதம் போடுவார்கள்.

ஆடம்பரம் என்ற வார்த்தைக்கு இன்னொரு பழைய கணக்கும் உண்டு. அந்தக் காலத்துப் புல்மன் படுக்கை வண்டிகளின் பெருமையைப் பேசாத பிரயாண நூல் இல்லை. வெள்ளை விரிப்பு, பளபளக்கும் பூட்ஸ், மணி அடித்தால் ஆள். அந்த ஆள் யார்? உள்நாட்டு யுத்தம் முடிந்து விடுதலை பெற்ற நீக்ரோ அடிமைகளையும், அவர்களுக்குப் பின் அவர்கள் பிள்ளைகளையும் ஜார்ஜ் புல்மன் கம்பெனி வேலைக்கு எடுத்துக்கொண்டது. மாதத்துக்கு 400 மணி நேர வேலை. சம்பளம் போதாது, பிரயாணி கொடுக்கும் இனாமை நம்பித்தான் குடும்பம். அவரவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் இருந்தது. பிரயாணிகளோ எல்லாரையும் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். எஜமானன் பெயரால் அடிமையைக் கூப்பிடும் பழைய பழக்கம், ரயிலேறி வந்துவிட்டது. இதில் வேடிக்கை, இந்த வழக்கத்தை எதிர்த்து ஒரு சங்கம்கூடத் தோன்றியது; ஜார்ஜ் என்ற பெயருள்ள வெள்ளைக்காரக் கனவான்கள், தங்கள் பெயர் இப்படிக் கெடுகிறதே என்று விளையாட்டும் வினையுமாக ஏற்படுத்திக்கொண்ட சங்கம் அது! 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் அந்தத் தொழிலாளிகளுக்கென்று சங்கம் கண்டார். கம்பெனி கையெழுத்துப் போட 1937 வரை பிடித்தது. 400 மணி 240 மணியாகக் குறைந்தது. படுக்கை விரித்தவன் தூங்குவதற்குப் பன்னிரண்டு வருஷப் போராட்டம்.

ஸியரா நெவாடா மலைக்கு வந்தால் கணக்கு இன்னும் நீளுகிறது. இன்றைய வண்டி ஏறுகிற அந்த மலைப்பாதையைப் போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனாவிலிருந்து வந்த கூலிகள். கருங்கல்லைக் குடைந்து, நைட்ரோகிளிஸரின் வெடித்து, பனிக்கு அடியில் சுரங்கம் போட்டுக்கொண்டு அதற்குள்ளேயே குடியிருந்து வேலை செய்தார்கள். சிகரத்துச் சுரங்கம் 1,659 அடி. ஒரு நாள் முழுக்க வெட்டினால் ஓரிரு அடி நகரும். 1867 ஜூனில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து சம்பள உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். சார்லஸ் கிராக்கர் செய்த காரியம் மிகவும் சுலபமானது: மலைக்கு மேலே போகும் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். ஒரு வாரத்தில் வேலை தொடங்கியது. 1869 மே 10-ஆம் தேதி கிழக்கும் மேற்கும் இணைந்தபோது எடுத்த பிரசித்தமான புகைப்படத்தில் சீனர்களைத் தேடிப் பாருங்கள், கண் வலிக்கும். 1882-இல் அவர்கள் நாட்டுக்குள் வரவே கூடாது என்று சட்டம் வந்தது. 1969-இல் நூற்றாண்டு விழாவுக்கு வந்த மந்திரி அமெரிக்கர்களின் வீரத்தைப் புகழ்ந்து தள்ளினார், சீனர்களை மறந்துபோனார். தொழிலாளர் இலாகாவின் கௌரவப் பட்டியலில் அவர்களைச் சேர்க்க 2014 வரை ஆயிற்று. பழைய சிகரத்துச் சுரங்கத்தில் 1993-க்குப் பிறகு வண்டி போவதில்லை. பக்கத்திலேயே வேறொரு குகை வழியாகப் போகிறது. கட்டுரையாளர் அந்த இடத்தில் பொதுவாகக் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்.

இனி, காட்சி அழகு வண்டியைக் காப்பாற்றியதா என்று பார்ப்போம். கோடைக்காலத்தில் இடம் கிடைக்காத அந்தப் பழைய ஸெஃபிரை, நஷ்டம் என்று சொல்லி 1966-லேயே நிறுத்த மனுப் போட்டது வெஸ்டர்ன் பஸிபிக். அரசாங்கக் கமிஷன் மறுத்துப் பார்த்தது. 1970 மார்ச்சில் வண்டி நின்றேவிட்டது. மலை அப்போதும் அதே இடத்தில்தான் இருந்தது. ஒரு பைசா உதவவில்லை. 1971-இல் ஆம்ட்ராக் பிறந்து, பல சுற்று வழிகளுக்குப் பிறகு 1983-இல்தான் ராக்கி மலைப் பாதையில் அந்தப் பெயர் திரும்பியது.

திரும்பிய வண்டிக்குச் சொந்தத் தண்டவாளம் கிடையாது. பெரும்பகுதி சரக்குக் கம்பெனிகளின் பாதை. பிரயாணி வண்டிக்கு முதல் வழி விட வேண்டும் என்று 1973-லிருந்து சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தை மீறினால் வழக்குப் போடும் உரிமை, வண்டியை ஓட்டுகிற ஆம்ட்ராக்குக்கு இல்லை; நீதி இலாகாவுக்கு மட்டும். அந்த இலாகா 1979-இல் ஒரு தடவை போட்டது, அப்புறம் 2024-இல் ஒரு தடவை போட்டது. நடுவில் நாற்பத்தைந்து வருஷம் எல்லாரும் ஒழுங்காக வழி விட்டார்கள் போலிருக்கிறது! இரண்டு மைல் நீளச் சரக்கு வண்டி, ஒதுங்கி நிற்கும் கிளைப்பாதையில் அடங்காது. ஆகவே மனிதர்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். இதையும் நம்மவர்கள், நின்று நிதானமாக இயற்கையை ரசித்தோம் என்று எழுதுகிறார்கள்.

2017-இல் அமெரிக்க அரசாங்கம் தன் பட்ஜெட் யோசனையில், இந்தத் தொலைதூர வண்டிகளுக்குக் கொடுக்கும் பணத்தை அடியோடு நிறுத்திவிடலாம் என்றது. காங்கிரஸ் சபை இணங்கவில்லை. 2020 அக்டோபரில் தினசரி வண்டியை வாரத்துக்கு மூன்று நாள் ஆக்கினார்கள். மறு வருஷம் காங்கிரஸ் பணம் கொடுத்த பிறகே தினசரி திரும்பியது. ஒவ்வொரு தடவையும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: உல்லாசப் பிரயாணிக்கு எதற்கு வரிப்பணம்? அந்தக் கேள்வியை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கட்டுரையாளர்கள் யோசிக்கட்டும். 1956-இல் 41,000 மைல் நெடுஞ்சாலைக்கு நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு செலவை மத்திய அரசாங்கம் ஏற்றுக்கொண்டதே, அப்போது சாலை லாபம் தருமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 1978-இல் தொடங்கிய திட்டத்தில் மெக்குக் போன்ற சிற்றூர்களுக்கு ஆகாய விமானம் வருவதற்கே மானியம் கொடுத்து வந்திருக்கிறார்கள். தரையில் ஓடினால் மட்டும் ஆடம்பரமா?

மலையைப் பார்க்க மட்டும் விரும்புகிறவர்களுக்கு வேறு ஏற்பாடு உண்டு. 2021-இல் ஒரு கனடா கம்பெனி டென்வரிலிருந்து யூட்டா பாலைவனப் பக்கம்வரை உல்லாச ரயில் ஒன்றை விட்டது. பகலில் மட்டும் ஓட்டம். இரவு ஹோட்டலில் தூக்கம். அதன் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. காசு இருக்கிறவர்கள் போகட்டும், பார்க்கட்டும், கட்டுரை எழுதட்டும். அந்த வண்டி மெக்குக்குக்கு வராது, வர வேண்டுமென்று யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள்.

பொது வண்டி விஷயத்தில் நான் கேட்பது பெரிதல்ல. ஒரு நாளைக்கு ஒன்று என்பதை இரண்டாக்க வேண்டும். இரண்டாவது வண்டி பன்னிரண்டு மணி நேரம் தள்ளிப் புறப்பட வேண்டும். அதில் ஏறுகிறவர்களுக்கு நெப்ராஸ்காவின் சோளக்கொல்லைகள் பட்டப்பகலில் தெரியும். ராக்கி மலை இருட்டில் போகும். அந்த வண்டியைப் பற்றிப் பிரயாணக் கட்டுரை எழுத யாரும் அகப்பட மாட்டார்கள். ஹேஸ்டிங்ஸிலும் ஹோல்ட்ரெஜிலும் மாத்திரம், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் ஸ்டேஷனுக்கு நடந்து வருவார்கள்.