முதுமை கட்டடத்தின் குற்றமா?

பழைய கட்டடம் என்றாலே இடித்துத் தள்ளுக என்போரை நோக்கி நாம் ஒன்று கேட்க வேண்டியுள்ளது. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் டனெல்ம் ஹவுஸ் என்னும் மாணவர் சங்கக் கட்டடம் உள்ளது. வியர் ஆற்றின் செங்குத்தான கரையில், படிப்படியாக இறங்கும் கான்கிரீட் தளங்களாக 1966இல் எழுந்தது. 1968இல் சிவிக் டிரஸ்ட் விருதும் பெற்றது. அதனையே 2016இல் இடித்துவிடப் பல்கலைக்கழகம் முனைந்தது. பழுதுபார்க்க ஏறத்தாழ 1.47 கோடி பவுண்டு ஆகுமாம்; இன்றைய தேவைக்குப் பொருந்தாதாம்!

எந்தக் கட்டடமும் ஒரே நாளில் பாழாவதில்லை. சிறு கசிவை அன்றே அடைத்தால் செலவு சிறிது. பல்லாண்டு விட்டுவைத்தால் அதுவே மலையாகும். பேணத் தவறியவர்கள் பழியைக் கட்டடத்தின் வயதின்மேல் போடுவது என்ன நியாயம்?

படிகள் மிகுந்த அவ்விடத்தில் மாற்றுத்திறனாளி மாணவர் நடமாடுவது அரிது என்பது மெய்யான குறையே. அதற்கு மருந்து சீரமைப்பு, சம்மட்டி அன்று.

எதிர்ப்புக் குரல்கள் ஓயவில்லை. 2021இல் அக்கட்டடம் இரண்டாம் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் பட்டியல் கூரையை அடைக்காது. நிதியும் அக்கறையுமே அடைக்கும்.

வகுப்பறையில் மாணவர் கேட்கின்றனர். இத்தகைய கூடங்களிலேயே பேசவும் வாதிடவும் கற்கின்றனர். ஆசிரியராகிய நாம் இதனை நாள்தோறும் காண்கிறோம். நம் வளாகத்துக் கூடத்தின் கூரை ஒழுகினால், நண்பர்களே, முதலில் கொத்தனாரை அழைப்போம்.