ராஜா ராணி கதையா?

சரித்திர நாவல் என்பது நிகழ்காலத்திலிருந்து ஓடி ஒளிகிற சமாசாரம் என்று சொல்பவரா நீங்கள்? ஃபின்லாந்துக்காரர் மிகா வால்தரியைக் கொஞ்சம் கவனியுங்கள். இரண்டாம் உலகப் போரில் அரசாங்கத்துக்காகப் பிரசாரம் எழுதியவர். போர் முடிந்த 1945ல் 'எகிப்தியன் சினுஹே' நாவலை வெளியிட்டார். அதை எழுதும்வரை எகிப்தில் கால் வைத்ததே கிடையாது! கதை நடப்பது சுமார் 3,300 வருஷத்துக்கு முன்னால். ஒரே கடவுள், எங்கும் சமாதானம் என்று கனவு காண்கிறார் மன்னர் அக்கெனாத்தன். தேசமோ ரத்தக்களறியாகிறது. எல்லாவற்றுக்கும் சாட்சி, வைத்தியன் சினுஹே. காலம் மாறினாலும் மனுஷன் மாறுவதில்லை என்று கசந்துபோகிறான். சொல்லுங்கள், 1944ல் ஹெல்சிங்கியில் குண்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்த வாசகன், இதைப் படித்துவிட்டு ராஜா ராணி கதை என்றா மூடி வைத்திருப்பான்?