ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரி

இடுப்பு வலிக்காக எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்ளும் ஒருவரின் கைக்கு, மருத்துவரைச் சந்திக்கும் முன்னரே அறிக்கை வந்துவிடுகிறது. தில்லியாயினும் புணேயாயினும் பெங்களூருவாயினும் நடைமுறை பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு பெரிய உறை, உள்ளே சில படத்தாள்கள், ஆங்கிலத்தில் ஓரிரு பக்க அறிக்கை. வீடு திரும்பும் வழியிலேயே அவர் அதைப் படிக்கத் தொடங்குகிறார். ‘டிஸ்க் டெசிகேஷன்’, ‘டிஃப்யூஸ் பல்ஜ்’, ‘டிஜெனரேட்டிவ் சேஞ்சஸ்’ என ஒவ்வொரு சொல்லையும் கைப்பேசியில் தேடுகிறார். வீடு வந்து சேரும்போது, இனி குழந்தையைத் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, வேலையையும் விட நேரலாம் என்ற முடிவுக்கு வந்திருப்பார். அவரது முதுகில் காலையிலிருந்து எதுவும் மாறவில்லை. மாறியது அவர் தம் முதுகை நினைக்கும் விதம் மட்டுமே.

இந்த அச்சத்திற்கு நோய் எவ்வளவு காரணமோ, மொழியும் அவ்வளவு காரணம். ‘டிஜெனரேஷன்’ என்பது கதிரியக்க மருத்துவருக்கு ஒரு தோற்றத்தின் பெயர். நோயாளிக்கோ அது ‘சிதைவு’. ‘டெசிகேஷன்’ என்பதன் பொருள், வட்டின் நீர்ச்சத்து குறைந்து படத்தில் கருமையாகத் தெரிகிறது என்பதுதான். அது வயதோடு வரும் நரை போன்றது. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் திரட்டியது. வட்டுத் தேய்மானத்தின் அடையாளம் இருபது வயதினரில் 37 விழுக்காட்டினரிடமும், ஐம்பது வயதினரில் 80 விழுக்காட்டினரிடமும், எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. வட்டு உப்பல் இருபது வயதினரில் 30 விழுக்காடு, ஐம்பதில் 60, எண்பதில் 84. வலியின்றி நடமாடும் ஐம்பது வயதுக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் அறிக்கையில் இடம்பெறக்கூடிய ஒன்றை, வலிக்கான தீர்ப்பாக எவ்வாறு கொள்வது?

நம் மொழிகள் இந்த அச்சத்தைக் குறைப்பதில்லை, கூட்டுகின்றன. தமிழில் ‘ஜவ்வு விலகிவிட்டது’ என்கிறோம். வட்டு, மேலும் கீழும் உள்ள முள்ளெலும்புகளோடு உறுதியாகப் பிணைந்திருப்பது. தட்டு நழுவுவதுபோல் அது நழுவுவதில்லை. அதன் வெளி வளையம் உப்பலாம். அல்லது கிழிந்து, உள்ளிருக்கும் மென்பொருள் பிதுங்கலாம். இந்தி பேசும் பகுதிகளில் ‘ரீட் மே கேப் ஆ கயா’ என்பர். எலும்புகளுக்கிடையே ஏதோ பிளவு விழுந்ததாகவே கேட்பவர் எண்ணுவார். ‘நஸ் தப் கயீ’ என்பதும் அப்படியே. இந்தியின் ‘நஸ்’, தமிழ்ப் பேச்சு வழக்கின் ‘நரம்பு’, மலையாளத்தின் ‘ஞரம்பு’ ஆகிய மூன்றும் இரத்தக் குழாயையும் உணர்வு நரம்பையும் ஒருங்கே குறிக்கும் சொற்கள். ‘நரம்பு நசுங்கியிருக்கிறது’ என்று கேட்பவரின் மனத்தில் இரத்த ஓட்டம் நின்றுபோன ஒரு கால் தோன்றினால், அதில் வியப்பில்லை.

அறிக்கையின் சொற்கள் மாறாத உண்மைகளும் அல்ல. 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 63 வயதுப் பெண் ஒருவர் மூன்று வாரங்களுக்குள் பத்து வெவ்வேறு மையங்களில் ஸ்கேன் எடுத்துக்கொண்டார். பத்து அறிக்கைகளிலும் சேர்த்து 49 வெவ்வேறு கண்டறிதல்கள் எழுதப்பட்டிருந்தன. பத்திலும் பொதுவாக இடம்பெற்றது ஒன்றுகூட இல்லை. வட்டு பற்றிய சொற்களை வரையறுத்து அமெரிக்க மருத்துவக் கூட்டமைப்புகள் 2014இல் புதுப்பித்த ஆவணமே, இச்சொற்கள் வடிவத்தைக் குறிப்பவை. வலிக்கான காரணத்தையோ சிகிச்சையின் தேவையையோ சுட்டுபவை அல்ல என்று தெளிவுபடுத்துகிறது.

அப்படியானால் ஸ்கேன் வீண் என்பதா? இல்லை. படம் உடலோடு ஒத்துப்போகும்போதுதான் அதற்குப் பொருள் பிறக்கிறது. நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கிடையே வட்டு பிதுங்கினால், பொதுவாக ஐந்தாம் இடுப்பு நரம்பு வேர் பாதிக்கப்படும். வலி காலின் வெளிப்புறமாகப் பாதத்தின் மேற்பகுதிவரை இறங்கும். கட்டை விரலை மேல்நோக்கி உயர்த்தும் வலு குறையும். அதற்கும் கீழுள்ள வட்டு பிதுங்கினால், குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்பது கடினமாகலாம். நடக்க நடக்க இரு கால்களும் கனத்து, உட்கார்ந்தாலோ முன்னே குனிந்தாலோ தணிந்தால், தண்டுவடக் குழாய் குறுகியிருக்கக்கூடும். இவற்றை மருத்துவர் கையால் தொட்டு, காலைத் தூக்கிப் பார்த்து, நடக்கச் செய்து அறிகிறார். வலப்பக்கப் பிதுக்கம் அறிக்கையில் இருந்து, வலி இடக்காலில் இருந்தால், அந்தப் பிதுக்கம் வலிக்குக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

அஞ்ச வேண்டிய அறிகுறிகளும் உண்டு. சிறுநீர் கழிக்க இயலாமை அல்லது கட்டுப்பாடிழத்தல், மலம் கட்டுப்படாமை, இருக்கையில் படும் பகுதியில் மரத்துப்போதல், கால் வலு வேகமாகக் குறைதல் ஆகியவை தென்பட்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உலகிலேயே காசநோயாளிகள் மிகுதியாக உள்ள நாடு இந்தியா. எனவே மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக்குறைவு, ஓய்விலும் தணியாத முதுகு வலி என்றால் முதுகெலும்புக் காசநோயை நினைத்தாக வேண்டும். முன்பு புற்றுநோய் இருந்தவர்களின் புதிய முதுகு வலியும், விழுந்து அடிபட்டபின் வரும் வலியும் அத்தகையவை. இத்தகைய நிலைகளில் ஸ்கேனைத் தள்ளிப்போடுவதே தவறு.

அறிக்கையின் சொல்லாட்சி நோயாளியை எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் முதுகுத்தண்டு மருத்துவர்கள், இடுப்பு வலியுள்ள 44 பேரை இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு அறிக்கையின் கண்டறிதல்கள் முழுமையாக விளக்கப்பட்டன. மறு குழுவுக்கு, காண்பவை வயதோடு இயல்பாக வருபவை என உறுதியளிக்கப்பட்டது. ஆறு வாரங்களுக்குப் பின், முழு விளக்கம் பெற்றவர்களிடமே தம் முதுகைப் பற்றிய அச்சம் மிகுந்திருந்தது. வலி குறைந்த அளவும் அவர்களிடமே குறைவு. அச்சுறுத்தும் சொற்களைத் தவிர்த்து எழுதிய அறிக்கைகளைப் படித்த மருத்துவத் துறையினரும், நோயின் கடுமையையும் அறுவையின் தேவையையும் குறைவாகவே மதிப்பிட்டனர்.

இதிலிருந்து நோயாளியிடம் உண்மையை மறைக்கலாம் என்ற முடிவுக்கு வருவது பிழை. தம் உடலைப் பற்றி அறியும் உரிமை அவருடையது. ஆனால் ‘எல் 4 – எல் 5 வட்டில் சிதைவு’ என்பதும், ‘இந்த வயதில் வலியில்லாத பலரிடமும் காணப்படும் மாற்றம்’ என்பதும் ஒரே உண்மையின் இரு கூற்றுகள். முதற்கூற்றை மட்டும் சொல்வது பாதி உண்மை. அந்தப் பாதியே அறுவைச் சிகிச்சை மேசைவரை ஒருவரைக் கொண்டுசேர்க்கக்கூடும்.

விளக்கக் குறிப்பு ஒன்றே எல்லாவற்றையும் மாற்றிவிடாது என்பதும் உண்மை. அமெரிக்காவில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் நோயாளிகளை உள்ளடக்கிய ஆய்வொன்று, அறிக்கையில் இத்தகைய புள்ளிவிவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. ஒட்டுமொத்தச் சிகிச்சைப் பயன்பாடு குறையவில்லை. ஓபியாய்டு வலிநீக்கிகளின் பரிந்துரை மட்டும் சிறிதளவு குறைந்தது. ஆனால் அக்குறிப்பு மருத்துவரை நோக்கி மருத்துவ மொழியில் எழுதப்பட்டது. இங்கே வேண்டுவது நோயாளியை நோக்கி அவருடைய மொழியில் எழுதப்படும் நான்கு வரிகள்: என்ன காணப்பட்டது, இந்த வயதில் அது எவ்வளவு இயல்பு, எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும், அடுத்து யாரைக் காண வேண்டும். மாத்திரை அட்டையிலும் அறுவை ஒப்புதல் படிவத்திலும் வட்டார மொழி வேண்டுமெனக் கேட்கும் நாம், ஸ்கேன் அறிக்கையிலும் அதைக் கேட்பது மிகையன்று. அவ்வரிகளை எழுதும்போது ‘சிதைவு’, ‘விலகல்’, ‘நசுக்கம்’ போன்ற சொற்களுக்கு மாற்றாக எவற்றை ஆளலாம் என்பதை மருத்துவரும் மொழியியலாளரும் ஒன்றாக அமர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

அதுவரை, உறையைப் பிரிப்பவர்கள் அறிக்கையின் கடைசி வரியை முதலில் படிப்பது நல்லது. பெரும்பாலான அறிக்கைகளின் முடிவில் ‘கிளினிக்கல் கோரிலேஷன்’ தேவை என்று எழுதியிருக்கும். நோயாளியை நேரில் பரிசோதித்து, அதனோடு இதை ஒப்பிட்டு அறிக என்பதே அதன் பொருள். தன் சொல் முடிவானதன்று என அறிக்கையே ஒப்புக்கொள்ளும் இடம் அது.